தூ, கெட்ட அத்தை

பாலக்கரை, திருச்சி
15-7-1982

அண்ணிக்கு,

ஒன்றாம் நம்பர் பஸ் ஏறினால் அரை மணியில் ஸ்ரீரங்கம். நேரில் வந்து கேட்டிருக்கலாம். வந்தால் வாய்க்கு வந்ததைப் பேசிவிடுவேன், அண்ணன் நடுவில் நின்று முழிப்பார். அதனால் எழுதுகிறேன்.

நேற்று காலை அமிர்துவை எங்கள் சுகாதார மையத்துக்குத் தூக்கி வந்தீர்கள். ஒன்றரை வயதில் போட வேண்டிய முத்தடுப்பு ஊசி. வரிசையில் முப்பது தாய்மார்கள். அண்ணன் பிள்ளை, அதிலும் ஞானஸ்நானத்தில் நான் ஏந்திய ஞானப்பிள்ளை என்று உங்களை நான் முன்னால் விடவில்லை. அதில் உங்களுக்கு ஏற்கெனவே கோபம். அது இருக்கட்டும். ஊசி போட்டேன், அவன் வீறிட்டான். எல்லாப் பிள்ளையும் வீறிடும். நீங்கள் என் மணிக்கட்டில் பட்டென்று ஒரு அடி வைத்தீர்கள். "அத்தைய அடிச்சாச்சுடா கண்ணு, அழாத." சரி, எல்லா வீட்டிலும் உள்ள பழக்கம்தான். கதவு இடித்தால் கதவை அடிக்கிறோம், கல் தடுக்கினால் கல்லை அடிக்கிறோம். நானும் சிரித்துக்கொண்டே கையை நீட்டினேன். அடுத்து அவன் கையைப் பிடித்து என் கன்னத்தில் அடிக்க வைத்தீர்கள். அதற்கும் சிரித்தேன். அதோடு விட்டீர்களா? "கெட்ட அத்தை. தூ பண்ணு. அத்தை மேல தூ பண்ணு" என்றீர்கள்.

பண்ணினான். வெறும் எச்சில் இல்லை, பஸ்ஸில் நீங்கள் ஊட்டிக்கொண்டு வந்த பிஸ்கட்டும் கூழாக அதோடு வந்தது. என் மூக்குக் கண்ணாடியில் பாதி, உதட்டில் பாதி. கையில் ஊசி இருந்தது, துடைக்கக்கூட முடியவில்லை. வரிசை முழுக்கச் சிரித்தது. நீங்களும் சிரித்தீர்கள். அவன் அழுகை நின்றதும் உண்மைதான். நின்றதைப் பார்த்துவிட்டு, பின்னால் வந்தவர்களில் பதினெட்டுப் பேர் தங்கள் பிள்ளைகளையும் என் மேல் துப்பச் சொன்னார்கள். எண்ணிக்கொண்டேதான் இருந்தேன்.

சீழ், மலம், வாந்தி எல்லாவற்றையும் அள்ளிய கை இது. ஒரு நாளும் நான் மூக்கைப் பொத்தியதில்லை. நேற்று வீட்டுக்கு வந்து நாலு தரம் சோப்புப் போட்டு முகம் கழுவினேன், இன்னும் குமட்டுகிறது. உங்கள் சிரிப்பை நினைத்தால்தான் அதிகம் குமட்டுகிறது, அண்ணி.

தொடை வீங்கியிருந்தால் ஈரத் துணி போடுங்கள். தேய்க்க வேண்டாம். உப்பு ஒத்தடம், பற்று, சுண்ணாம்பு எதுவும் கூடாது. காய்ச்சல் வந்தால் நான் கொடுத்த மாத்திரையில் கால் பங்கைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். மடியில் போட்டுக்கொண்டு உட்காருங்கள். அழுதால் அழட்டும், மடி இருந்தால் போதும், யாரையும் அடித்துக்காட்ட வேண்டியதில்லை. தொடை கல் மாதிரி கெட்டியானால் உடனே தூக்கி வாருங்கள்.

லூர்துராணி


சேசு மரி சூசை துணை

ஸ்ரீரங்கம்
20-7-1982

லூர்துவுக்கு,

உன் கடிதத்தை உன் அண்ணன் சாப்பிடும்போது உரக்கப் படித்தார். பாதியில் நிறுத்திவிட்டு மோர் கேட்டார். அவருடைய அபிப்பிராயம் அவ்வளவுதான்.

துப்பச் சொன்னது தப்பென்று வீட்டுக்கு வரும் வழியிலேயே எனக்குத் தோன்றியது. மன்னிப்புக் கேட்டு எழுதத்தான் இருந்தேன். உன் கடைசிப் பத்தியைப் படித்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. மடியில் எப்படிப் போட்டுக்கொள்வது என்று நீ எனக்குச் சொல்லித் தருகிறாயா?

அன்றைக்கு நீ என்ன செய்தாய் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள். உன்னைப் பார்த்ததும் "த்தை" என்று சிரித்துக்கொண்டே அவன் உன் பக்கம் தாவினான். நீ அவன் முகத்தைப் பார்க்கவே இல்லை. தொடையைத்தான் பார்த்தாய். குத்தினாய், பஞ்சை வைத்தாய், "அடுத்தது" என்றாய். காந்தி மார்க்கெட்டில் பூசணிக்காய் இறக்குகிறவன்கூட இன்னும் கொஞ்சம் பார்த்து இறக்குவான். பெற்றவளுக்குக் கோபம் வராதா? அதுதான் வாயில் அப்படி வந்தது. பிறகு அவன் என் தோளில் விக்கி விக்கி அழ, நான் வெளியே மரத்தடியில் நடந்துகொண்டிருந்தேன். நீ ஜன்னலோரம் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்து இட்லி சாப்பிட்டாய். உன் கையில் ஸ்பிரிட் வாசனை போயிருக்காது. அதே விரலால் சட்னியைத் தொட்டு நக்கினாய். எனக்கு வந்த அருவருப்பை எழுதினால் நீ தாங்க மாட்டாய்.

இரண்டு நாள் அவன் காலைத் தரையில் ஊன்றவில்லை. நூற்றிரண்டு காய்ச்சல். நீ சொன்னபடிதான் செய்தேன், ஒத்தடமும் இல்லை பற்றும் இல்லை. ஈரத் துணியை மாற்றி மாற்றி என் விரல் ஊறிப்போயிற்று. குத்துவதற்கு உனக்கு ஒரு நொடி. அதற்கப்புறம் உள்ள இரண்டு நாளும் என்னுடையது. அந்த இரண்டு நாளில் நீ எட்டிப் பார்த்தாயா? ஒன்றாம் நம்பர் பஸ் அன்றைக்கும் ஓடிக்கொண்டுதானே இருந்தது?

உனக்கென்று ஒரு பிள்ளை இருந்திருந்தால் இந்தக் கடிதத்தை எழுதியிருக்க மாட்டாய்.

வீக்கம் வடிந்துவிட்டது.

இருதயமேரி


பாலக்கரை
28-7-1982

அண்ணிக்கு,

வீக்கம் வடிந்தது பற்றிச் சந்தோஷம். தடுப்பூசி அட்டையில் விட்டுப்போன கட்டத்தை நிரப்பி இதோடு வைத்திருக்கிறேன். ஸ்கூலில் சேர்க்கும்போது கேட்பார்கள், தொலைத்துவிட வேண்டாம்.

பிள்ளை இருந்திருந்தால் என்று எழுதியிருந்தீர்கள். இனி உங்களுக்கு எழுத மாட்டேன்.

லூர்துராணி


பாலக்கரை
27-12-1984

அண்ணிக்கு,

எழுத மாட்டேன் என்று சொன்னவள் எழுதுகிறேன். அண்ணன் நேரில் வந்து கெஞ்சியதால்தான் இரண்டரை வருஷம் கழித்துக் கிறிஸ்துமஸ் பெருநாளுக்கு உங்கள் படி ஏறினேன். கேக்கும், சாவி கொடுத்தால் ஓடுகிற ரயிலும் வாங்கி வந்தேன். நடந்ததை நீங்கள் பார்த்தீர்கள். பார்த்ததை எழுதித்தான் தீர வேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

வாசலில் செருப்பைக் கழற்றும்போதே பக்கத்து வீட்டுச் சந்திரம்மாள் ஓடி வந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "ஊசி அத்தை இவங்கதானா? நெசமாவே இருக்காங்களா? நீங்க சும்மா சொல்றீங்கன்னுல்ல நெனச்சேன்!" அவள் வீட்டு வாண்டுகள் இரண்டும் அவள் முந்தானைக்குள் புகுந்துகொண்டன. சோறு தின்னாவிட்டால் ஊசி அத்தை வருவாள், தூங்காவிட்டால் ஊசி அத்தை வருவாள், மண்ணில் விளையாடினால் ஊசி அத்தை வருவாள். தெரு முழுக்க என் பெயரைச் சொல்லிப் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டுகிறீர்கள். நல்லா இருக்கிறது, அண்ணி.

அமிர்து கட்டிலடியில் போய் ஒடுங்கிக்கொண்டான். நான் மண்டி போட்டுக் குனிந்து ரயிலைக் காட்டினேன். அவன் ரயிலைப் பார்க்கவில்லை, என் இரண்டு கையிலும் என்ன இருக்கிறது என்று பார்த்தான். "நான் சாப்பிட்டுட்டேன். போயிடுங்க. நான் எல்லாம் சாப்பிட்டுட்டேன்" என்றான். சொல்லும்போதே தரையெல்லாம் ஈரம். என் புடவை முழங்கால் வரை அவன் மூத்திரத்தில் நனைந்துவிட்டது. அது எனக்கு அருவருப்பாக இல்லை. எழுந்து பார்த்தால் நீங்களும் சந்திரம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறீர்கள், உள்ளே சிரிப்பு. அதுதான் சகிக்கவில்லை. சீ என்று ஆகிவிட்டது.

ஞானஸ்நானத்தன்று அவனைக் கையில் ஏந்திக்கொண்டு சாமியார் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னவள் நான். அந்தப் பிள்ளை என் முகத்தைப் பார்க்க வேண்டும் என்பதைத் தவிர உங்களிடம் எனக்கு வேறெதுவும் வேண்டியதில்லை. அந்தப் பேச்சை நிறுத்துங்கள். உங்கள் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

லூர்துராணி


சேசு மரி சூசை துணை

ஸ்ரீரங்கம்
2-1-1985

லூர்துவுக்கு,

புது வருஷத்தில் சண்டை வேண்டாம் என்று பார்க்கிறேன். மற்ற வீடுகளில் போலீஸ்காரன், பூச்சாண்டி, பிள்ளை பிடிக்கிறவன். எங்கள் வீட்டில் நீ. இதற்குப் போய்க் காலில் விழுவது, கையில் விழுவது என்று பெரிய வார்த்தையெல்லாம் எழுதுகிறாய். அவன் உடம்பைப் பார்த்தாயா? ஒரு வாய் சோறு உள்ளே போக எனக்கு ஒரு மணி நேரம் ஆகிறது. உன் பெயரைச் சொன்னால் பத்து நிமிஷம். வளர்ந்தால் தானாக மறந்துவிடுவான்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். கட்டிலடியில் அழுதானே, நீ கையை விட்டு இழுத்துத் தூக்கி அணைத்துக்கொண்டாயா? கேக்கை மேஜையில் வைத்தாய், புடவையைப் பிழிந்தாய், கிளம்பிவிட்டாய். அவனைக் கழுவித் துடைத்து, தரையைக் கழுவி, விக்கல் நிற்கும்வரை தூக்கிக்கொண்டு திரிந்தது யார்? குத்திவிட்டுப் போகிற புத்தி உனக்கு ஊசி இல்லாமலும் இருக்கிறது.

ரயில் நன்றாக ஓடுகிறது. கடையில் வாங்கியது என்று சொல்லியிருக்கிறேன். நீ கொடுத்தது என்றால் தொட மாட்டான்.

இருதயமேரி


ஸ்ரீரங்கம்
23-6-1986, காலை

லூர்து,

இதை எதிர் வீட்டு நல்லுசாமியிடம் கொடுத்தனுப்புகிறேன். காய்கறி எடுக்க மார்க்கெட்டுக்கு வருகிறவர், உன் வீடு அவருக்குத் தெரியும். உடனே படி.

அமிர்துவை நாய் கடித்திருக்கிறது. போன புதன்கிழமை, ஸ்கூல் விட்டு வரும்போது. இன்றைக்கு ஐந்து நாள். எனக்கு இன்று காலைதான் தெரிந்தது. பாப்பா பிறந்து இருபத்திரண்டு நாள்தான் ஆகிறது, நான் பாயை விட்டு அதிகம் எழுவதில்லை. அவன் தானே குளித்து, தானே உடுத்திக்கொண்டு போனான். பெரியவனாகிவிட்டான் என்று பெருமைப்பட்டேன். இன்று பக்கத்தில் வந்து உட்கார்ந்தபோது ஒரு நாற்றம். டவுசரைக் கழற்றச் சொன்னேன், மாட்டேன் என்றான். இழுத்தால் வரவில்லை. பின்தொடையில் சீழோடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஊற வைத்து எடுத்தேன். உள்ளே நான்கு பல் பதிந்த இடம், அதன் மேல் பாப்பாவின் பவுடரைக் கொட்டி, நோட்டுப் புத்தகத் தாளைக் கிழித்து ஒட்டியிருக்கிறான்.

ஏன்டா சொல்லவில்லை என்று கேட்டேன். "ஊசி அத்தைகிட்ட சொல்லாதீங்கம்மா. நான் நல்லா சாப்பிடுறேன், சத்தியமா சாப்பிடுறேன்" என்று காலைக் கட்டிக்கொண்டான்.

எனக்கு என் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும் போல் இருக்கிறது, லூர்து. வேறு என்ன எழுத? அந்த நாய் வெள்ளிக்கிழமை ரோட்டோரம் செத்துக் கிடந்ததாம். இங்குள்ள டாக்டர் பயமுறுத்திவிட்டார். உன் பக்கத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் தினம் ஒன்றாகப் பதினான்கு ஊசி, வயிற்றில். ஒரு நாள்கூட விடக் கூடாது என்கிறார். ஊசி என்ற சொல்லைக் கேட்டதும் இவன் கதவுக்குப் பின்னால் போய்விட்டான். உன் அண்ணன் வழக்கம்போல் முழிக்கிறார். நான் எந்த முகத்தோடு உன்னைக் கூப்பிடுவது? இருந்தாலும் கூப்பிடுகிறேன்.

மேரி


பாலக்கரை
23-6-1986

அண்ணி,

நல்லுசாமி வாசலில் நிற்கிறார், சுருக்கமாக எழுதுகிறேன்.

காயத்தைச் சோப்புப் போட்டு, குழாய்த் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவுங்கள். மிளகாய்ப் பொடி, சுண்ணாம்பு என்று யார் வந்து சொன்னாலும் விரட்டுங்கள். கட்டுப் போட வேண்டாம். அண்ணனை இன்றைக்கே தூக்கிக்கொண்டு வரச் சொல்லுங்கள். நான் ஆஸ்பத்திரி வாசலில் இருப்பேன்.

நீங்கள் பச்சை உடம்போடு அலைய வேண்டாம். பதினான்கு நாளும் அவன் என்னிடமே இருக்கட்டும், லீவு சொல்லிவிட்டேன். அங்கே ஊசி போடுவது வேறு ஆள். நான் அவனைப் பிடித்துக்கொள்ள மட்டும்தான். ஊசி இல்லை, மிட்டாய்தான் என்று பொய் சொல்லி அனுப்பாதீர்கள். வலிக்கும் என்ற உண்மையை நான் அவனுக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

மற்றதை எல்லாம் பிறகு பேசலாம். உங்களைத் திட்டுவதற்கு நிறைய இருக்கிறது, இன்று நேரம் இல்லை.

லூர்து


ஸ்ரீரங்கம்
29-6-1986

லூர்து,

உன் அண்ணன் வந்து சொன்னார். ஆஸ்பத்திரி வாசலில் உன் கையை உதறிக்கொண்டு ஓடி, பஸ் முன்னால் விழப் போனானாமே. டிரைவர் பிரேக் போட்டதால் பிழைத்தானாம். நேற்று ஊசி வளைந்துவிட்டது என்றும் சொன்னார். இன்னும் ஏழெட்டு நாள் இருக்கிறதே, எப்படிப் போகும்? பாப்பாவுக்குப் பால் கொடுக்கும்போதும் அவன் வயிறுதான் கண்ணில் நிற்கிறது.

உண்மையைச் சொல்லிச் சமாளிப்பேன் என்றாய். முடியவில்லை என்று தெரிகிறது. குத்தலாகச் சொல்லவில்லை, என் மேல் ஆணை. அழுகிற பிள்ளையை நிறுத்த எனக்குத் தெரிந்தது ஒரே வழி. அதன் லட்சணத்தைப் பார்த்துவிட்டோம். உனக்கு நல்ல வழி தெரிந்தால் செய். தெரியாவிட்டால் எது கைக்கு வருகிறதோ அதைச் செய். ஊசி நின்றுவிடக் கூடாது. அவன் எனக்கு உயிரோடு வேண்டும்.

மேரி


பாலக்கரை
6-7-1986, மாலை

அண்ணிக்கு,

பதினான்கும் முடிந்தது. கடி ஆழமில்லை, ஊசி ஒரு நாளும் விடாமல் போட்டாயிற்று, இனிப் பயப்பட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதலில் இதைப் படித்து நிம்மதியாக இருங்கள். மற்றதை மெதுவாகப் படிக்கலாம். படிக்காவிட்டாலும் சரி.

முதல் நாள் அவனிடம் உண்மையைத்தான் சொன்னேன். "வலிக்கும்டா. பத்து எண்ணுறதுக்குள்ள முடிஞ்சிடும். அத்தை கையைப் பிடிச்சுக்க." பிடித்தான், பல்லால். தழும்பு இருக்கிறது. இரண்டாம் நாள் ஆட்டோவிலேயே வாந்தி. ஐந்தாம் நாள் பஸ். ஆறாம் நாள் நான்கு பேர் கால் கையை அமுக்கிக்கொண்டு நிற்க, ஊசி போடுகிற பெண் வேலம்மாள் குத்தும்போதே ஊசி வளைந்துவிட்டது. சமயபுரத்துப் பெண், வேலைக்கு வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. வீட்டுக்குக் கூட்டி வந்து வயிற்றில் ஈரத் துணி போட்டால், துணியையே பார்த்துக்கொண்டிருப்பான், என்னைப் பார்க்க மாட்டான். தொப்புளைச் சுற்றிச் சிவந்து சிவந்து கட்டி.

அதைவிடக் கொடுமை சாப்பாடு. சமையலறையிலிருந்து நான் வெளியே வந்தாலே போதும், தட்டில் இருப்பதை மெல்லாமல் விழுங்குவான். நான் கேட்காமலே வாயைத் திறந்து காட்டுவான். எத்தனையோ பிள்ளைகளின் வாயைப் பார்த்திருக்கிறேன், அந்த வாயைப் பார்க்க முடியாமல் எழுந்து கொல்லைப்புறம் போய் நின்றிருக்கிறேன். அப்போதெல்லாம் உங்களை மனதுக்குள் என்னென்ன திட்டினேன் என்று எழுதினால் அண்ணன் மோர் கேட்க மாட்டார், தலையில் அடித்துக்கொள்வார்.

எட்டாம் நாள், திங்கட்கிழமை. உங்கள் கடிதத்தை முந்தின நாளே படித்துவிட்டேன். அவனை மேஜை மேல் என் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வேலம்மாள் குத்தினாள். அவன் மூச்சுப் போகிற மாதிரி கத்தினான், முகம் நீலமாகிவிட்டது. என் கை தானாகத்தான் எழுந்தது. வேலம்மாளின் மணிக்கட்டில் பட்டென்று அடித்தேன். "எங்க அமிர்துவயா குத்துற? கெட்ட அக்கா! தூ பண்ணுடா அவ மேல!"

அவன் அழுகையை நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். எட்டு நாளில் அன்றுதான் என் முகத்தைப் பார்த்தான். பிறகு துப்பினான். அவள் கன்னத்தில் விழுந்து, தாடையில் வழிந்தது. கையில் ஊசியும் பஞ்சும் இருக்கும்போது முகத்தைத் துடைக்க முடியாது, அது எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்குத் தெரியும்? அவள் அப்படியே நின்றாள். அவன் சிரித்தான், அண்ணி. நானும் சிரித்தேன். இரண்டு கையாலும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டான். வாசல் வரை விடவில்லை.

அன்றிலிருந்து ஒரு தொல்லையும் இல்லை. காலையில் தலை வாரிக்கொண்டு ரெடியாக நிற்பான். "அந்தக் கெட்ட அக்கா இன்னிக்கும் இருப்பாளா அத்தை?" என்று கேட்பான். இருப்பாள் என்பேன். தினமும் குத்து, தினமும் ஒரு துப்பு. நேற்று முன்தினத்திலிருந்து அவள் தோளில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டுதான் வந்தாள். இன்று கடைசி நாள் அவளைத் தனியாகப் பிடித்து, "மன்னிச்சுக்கம்மா" என்றேன். "பரவால்லக்கா, பிள்ளைக்கு ஊசி ஏறினா சரி" என்று சொல்லிவிட்டுப் பஞ்சைக் கிழித்துக்கொண்டே இருந்தாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை. எனக்கு என்னைப் பற்றி இவ்வளவு அசிங்கமாக ஒரு நாளும் தோன்றியதில்லை.

உங்களை இனி நான் எதுவும் சொல்வதற்கில்லை. நாளைக்கு அண்ணனை அனுப்பாதீர்கள். முடிந்தால் பாப்பாவைத் தூக்கிக்கொண்டு நீங்களே வண்டி வைத்து வாருங்கள். அவனைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனசு வராது, உங்கள் கையில் என்றால் கொடுத்துவிடுவேன்.

மத்தியானம் அவனுக்கு ரசம் சாதம் ஊட்டினேன். மென்று தின்றான். பாதியில் நிறுத்திவிட்டு, "அத்தை, அந்தக் கெட்ட அக்காவுக்கு நம்ம வீடு தெரியுமா? நான் ஸ்கூலுக்குப் போறப்ப வருவாளா?" என்று கேட்டான். வேலம்மாள் நல்ல பெண், உன்னைக் காப்பாற்றியவள் அவள்தான் என்று சொல்லியிருக்க வேண்டும். வாய்வரை வந்தது. அவன் என் புடவையைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வர மாட்டாடா. அத்தை இருக்கேன்ல, அவளை உள்ள விட மாட்டேன்" என்று சொல்லிவிட்டேன். மீதிச் சோற்றையும் தின்றுவிட்டு, என் மடியிலேயே தூங்கிப்போனான்.

லூர்து